பதினெட்டு வயதும் ஒரு விலாசமும்

ஊவா மலைச்சரிவுகளில் திக்கற்ற பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ சபைகள் செய்துவந்த உபகாரத்தை, அச்சபைகளோடு கொள்கையளவில் மாறுபடுவோரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. 1854இல் கோப்பித் தோட்டத் தொழிலாளரை நாடிச் சென்ற தமிழ்க் கூலி மிஷனின் காலந்தொட்டு, 1880களில் ஊவாவில் மெதடிஸ்த ஊழியத்தை வேரூன்றச் செய்து 1890இல் அதுபற்றி லண்டனில் நூலொன்றும் வெளியிட்ட சாமுவேல் லாங்டன் போதகரின் நாள் வழியாக, கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை 1972இல் புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்ற காலம் வரைக்கும், அதற்குப் பின்னரும், கல்வியும் ஆதரவற்றோர் பராமரிப்பும் இம்மலைநாட்டு ஊழியத்தின் பிரதான அங்கங்களாகவே இருந்து வந்திருக்கின்றன. ஆயினும், இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியபின் அப்பிள்ளை எங்கே உறங்கும் என்ற மிகச் சாதாரணமான கேள்விக்கு, இத்தனை நீண்ட சரித்திரமுடைய ஊழியத்திடம் திட்டமான விடை ஒன்றில்லை என்பது என் அபிப்பிராயம். அவ்விடையைத் தேடும் பொறுப்பை இல்லத்தை நடத்தும் கன்னியர்மீதும் போதகர்மீதும் சுமத்திவிட்டு, ஞாயிறுதோறும் ஆலயத்தில் கூடும் சபையார் நிம்மதியாக வீடு திரும்புவது நியாயமன்று.

சட்டம் இவ்விஷயத்தில் நமக்கு அதிகம் உதவுவதில்லை. சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இலும், அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் 1941இலும் பிரித்தானியர் ஆட்சியில் இயற்றப்பட்டவை. அரசியல் யாப்பின் 13ஆம் திருத்தத்தின்பின் இல்லங்களின் மேற்பார்வை மாகாண நன்னடத்தைத் திணைக்களங்களின் கைக்குச் சென்றது. 2019இல் வகுக்கப்பட்ட மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கை, இல்லத்தைக் காட்டிலும் குடும்பமே பிள்ளைக்கு உகந்தது என்ற நல்ல தத்துவத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் பதினெட்டு வயது என்பது நன்னடத்தை அதிகாரியின் கோவை மூடப்படும் வயதாகவே இன்னும் இருக்கிறது, க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளிற் பலர் அவ்வயதைக் கடந்தே பரீட்சை மண்டபத்துக்குச் செல்கிறார்கள் என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இல்லங்களில் இருப்போர் எல்லாரும் தாய் தந்தையரை இழந்தவர்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ, சிலவேளை இருவருமோ, உயிரோடிருக்கிறார்கள். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் சென்றிருப்பாள். தந்தை குடியில் மூழ்கியிருப்பான், அல்லது வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டிருப்பான். பாட்டிக்கோ கொழுந்துக் கூடையைத் தூக்கவும் திராணி இராது. ஆகவே இல்லத்திலிருந்து வெளியேறும் இளைஞனுக்கு உறவே இல்லை என்பதில்லை. உறவு உண்டு, அது அவனைத் தாங்கும் நிலையில் இல்லை. இதற்கு விலக்காக, உண்மையாகவே ஒரே காலைப்பொழுதில் எல்லாவற்றையும் இழந்த பிள்ளைகளும் பதுளை மாவட்டத்தில் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, பாடசாலைக்குப் போயிருந்ததனாலேயே உயிர் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்து வீடிருந்த இடத்தில் சேற்றைக் கண்டார்கள். அன்று பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு 2022இல், நாட்டில் எரிபொருளும் மருந்தும் அரிதாகி மக்கள் வரிசையில் நின்ற அதே ஆண்டில், பதினெட்டு நிரம்பியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையில் பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தன. பதினெட்டு நிரம்பிய பிள்ளை எங்கே உறங்கும் என்ற கேள்வி இன்னும் பல ஆண்டுகளுக்கு நம்மை விட்டு நீங்கப் போவதில்லை.

தோட்டப்புறத்துப் பிள்ளையின் நிலை பிற இடத்துப் பிள்ளையின் நிலையினின்றும் ஒரு விதத்தில் முற்றிலும் வேறானது. கிராமத்துப் பிள்ளை இல்லத்தை விட்டு வெளியேறினால், மாமன் வீட்டுத் திண்ணையோ பூர்வீகக் காணியின் ஒரு மூலையோ அவனுக்கு எஞ்சியிருக்கலாம். தோட்டத்திலோ லயக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்ட பின்னரும் அந்நிலை மாறவில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பமே லயத்தில் இருக்கலாம் என்பது நெடுநாள் வழக்கம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் மூன்று தலைமுறையினர் நெருங்கிக் கிடக்கும்போது, பதினைந்து ஆண்டு வெளியே வளர்ந்துவிட்டு வந்து நிற்கும் வாலிபனுக்குப் பாய் விரிக்க இடமேது? லயத்து மனிதனுக்கெனத் தனி விலாசமும் இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறுகின்றன. தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்தக் கிராம உத்தியோகத்தரோ, பாடசாலை அதிபரோ, தோட்டத்துரையோ வேண்டும். பாடசாலையை விட்டாயிற்று, தோட்டத்தில் பெயர் பதியவில்லை, இல்லத்தின் விலாசத்தில் இருந்தவரை கிராம உத்தியோகத்தர் அறிவார், இனி அறியார். கொழும்பிலே கடையில் வேலைக்கு நிற்கச் சென்றாலும், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்றாலும், முதலில் கேட்கப்படுவது கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். வாக்காளர் இடாப்பு, வங்கிக் கணக்கு, தொழிற்பயிற்சிக்கான விண்ணப்பம் என எதைத் தொட்டாலும் நிரந்தர விலாசம் என்ற கட்டத்தில் அவன் பேனா நின்றுவிடுகிறது. பிரஜாவுரிமைக்காக 1948 முதல் 2003 வரை போராடிய ஒரு சமூகத்தின் பிள்ளை, உரிமை கிடைத்த பின்னரும் பத்திரத்தின் முன் நாடற்றவனைப் போல நிற்கிறான்.

கிறிஸ்தவ ஊழியத்தின் சரித்திரத்தில் இப்பிரச்சினை புதியதன்று. பிரிஸ்டலில் 1836இல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், ஆண்பிள்ளைகளைத் தொழில் பழக்கும் எஜமானரிடம் சேர்த்து, அதற்குரிய கட்டணத்தையும் தாமே செலுத்தி, புத்தாடைகளும் கொடுத்து அனுப்பினார். வெளியேற்றமும் ஊழியத்தின் ஒரு பகுதி என்பதை அவர் அறிந்திருந்தார். திருநெல்வேலி டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் கண்ட வழி வேறு: அங்கு வளர்ந்த பலர் அந்தக் குடும்பத்திலேயே ஊழியராகத் தங்கிவிட்டனர். தேயிலையோடு தொடர்புடைய மூன்றாவது உதாரணம் நமக்கு எச்சரிக்கையாகத் தக்கது. ஸ்கொத்லாந்து மிஷனரி ஜோன் அண்டர்சன் கிரகம் 1900இல் காலிம்பொங்கில் நிறுவிய இல்லத்தில், அஸ்ஸாம், டார்ஜிலிங் பகுதிகளின் வெள்ளைத் துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் வளர்ந்தனர். வயது வந்ததும் அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர், 1908 முதல் 1938 வரை, பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நியூஸிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். வேலை கிடைத்தது, விலாசமும் கிடைத்தது. தாயின் பெயர் மட்டும் அவர்கள் வாழ்வினின்றும் அழிந்தது. கிரகம் பாதிரியாரின் சிரத்தையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், உயிரோடிருக்கும் தாயை மறக்கச் செய்துதான் பிள்ளையை நிலைநிறுத்த முடியும் என்று எண்ணும் தர்மம் குறைபாடுடைய தர்மமே. நம் இல்லங்களிலும் விடுமுறை நாளில் தோட்டத்துக்குப் போய்வருவதை இடையூறாகக் கருதும் மனோபாவம் உண்டென்றால், அதன் முடிவு எங்கே என்பதைக் காலிம்பொங் காட்டுகிறது.

அரசாங்கத்துக்கு இல்லாத ஒரு சாதனம் சபைகளிடம் இருக்கிறது. பதுளையிலும் ஹப்புத்தளையிலும் ஆலயம் உள்ளது போலவே, இப்பிள்ளைகள் பிழைப்பைத் தேடிச் செல்லும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் கண்டியிலும் ஆலயம் உள்ளது. அவ்வாலயத்தில் வீடுடையவர்களும் கடையுடையவர்களும் கிராம உத்தியோகத்தரை நேரில் அறிந்தவர்களும் வாரந்தோறும் அமர்ந்திருக்கிறார்கள். பராமரிப்பினின்றும் நீங்கும் ஒவ்வொருவருக்கும் இயன்றவரை தனியொரு மனிதர் துணையாக நியமிக்கப்படுவதை ஐக்கிய நாடுகள் சபையின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் விரும்புகின்றன. இந்தியா 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிற்பராமரிப்பை 21 வயது வரை நீட்டித்திருக்கிறது; இங்கிலாந்து 2017இல் தனி ஆலோசகரின் துணையை 25 வயது வரை நீட்டித்தது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் சபைக்கில்லை. இல்லத்தின் விலாசத்தை இருபத்தைந்து வயது வரையில் பிள்ளையின் நிரந்தர விலாசமாக ஏற்றுக்கொள்வதற்குப் பணம் வேண்டியதில்லை, ஓர் இடாப்பும் கிராம உத்தியோகத்தரோடு ஓர் உடன்பாடும் போதும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் கையில் இல்லாமல் ஒருவரும் இல்லத்தின் வாசலைத் தாண்டலாகாது. தொழிற்பயிற்சி நிலையங்களிற் பலவற்றில் போதனை சிங்களத்திலேயே நடப்பதனால், அம்மொழியைப் பதினான்கு வயதிலேயே பழக்கிவிட வேண்டும். லியோ ஆண்டகை பண்டாரவளையில் தோற்றுவித்த ‘சேவக செவன’ குருமடம், குருமாணவர் மக்களோடு வாழ்ந்தே கற்க வேண்டும் என்ற நோக்கமுடையதாயிருந்தது. அந்நோக்கத்தை இல்லத்துப் பிள்ளைகளின் பின்வாழ்வோடு இணைத்துப் பார்ப்பது அந்நியமான யோசனை ஆகாது.

இரண்டு விஷயங்களில் மாத்திரம் கண்டிப்பு வேண்டும். தோட்டத்து மக்களிற் பெரும்பான்மையோர் சைவர். அவர்தம் பிள்ளைகளும் இவ்வில்லங்களில் வளர்கின்றனர். ஞானஸ்நானம் பெற்றவனுக்கு மட்டும் பிற்காலத் துணை என்று வைத்தால், அது தர்மமன்று, வியாபாரம். ஊரார் கொள்ளும் சந்தேகத்துக்கு நாமே ஆதாரம் தேடிக் கொடுப்பதுமாகும். மற்றொன்று பெண்பிள்ளைகளைப் பற்றியது. பதினெட்டு நிரம்பியதும் கிடைத்த வரனுக்கு அவசரமாக மணமுடித்து வைப்பதும், அதே இல்லத்தின் சமையலறையில் சம்பளமின்றி நிறுத்திக்கொள்வதும் பாதுகாப்பு என்ற பெயரால் நடைபெறுமாயின், அப்பெயரை அதற்குக் கொடுக்கலாகாது.

உபகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சின்னஞ்சிறு பிள்ளையின் புகைப்படத்தைப் பார்த்துக் கை தாராளமாகத் திறக்கிறது. மீசை அரும்பிய வாலிபனின் புகைப்படத்தைப் பார்த்து அது திறப்பதில்லை. நத்தார் காலத்தில் இல்லத்துக்குக் கேக்கும் உடுப்பும் கொண்டுசெல்லும் கொழும்புச் சபைகள், இவ்வாண்டு இல்லப் பொறுப்பாளரிடம் ஒரு கேள்வியும் கேட்டு வரலாம்: அடுத்த ஆண்டில் இங்கிருந்து வெளியேறுவோர் எத்தனை பேர், அவர்களுள் நம் நகரத்துக்கு வருவோர் யார்? பெயர் கிடைத்ததும், சபையில் ஒரு குடும்பம் முன்வந்து தன் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுக்கட்டும்.