நடவுப் பாட்டு பாடினவங்க பேரு எங்கே தம்பி?

வீட்டிலேயே கம்ப்யூட்டரை வைத்துப் பாட்டு பதிவு பண்ணுகிற டவுன் தம்பிகளோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இன்றைக்குப் போட்டுவிடுகிறேன்.

நீங்கள் வீட்டில் பதிவு பண்ணுவதில் எனக்கு வருத்தமே இல்லை. முன்னெல்லாம் ஒரு பாட்டு பதிய கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டணும். இப்போது பழைய லேப்டாப், ஒரு மைக், காசில்லாமல் கிடைக்கிற ஆடாசிட்டி இருந்தால் போதும். எதிரொலிக்குச் சுவரில் ரெண்டு போர்வை. நல்ல காலம்தான்.

என் கோபம் வேற. எங்க ஊருக்கு வந்து நடவுப் பாட்டைப் பதிந்துகொண்டு போகிறீர்கள். வீட்டில் போய் அதை ‘க்ளீன்’ பண்ணுகிறீர்கள். வயல் தண்ணிச் சத்தம் இரைச்சல் என்று போய்விடுகிறது. திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் தாளக் கோட்டில் ஒவ்வொரு அடியையும் இழுத்து ஒட்டுகிறீர்கள், குவாண்டைஸ் என்கிறீர்கள். கடைசியில் பாடினவங்க பேர் வரவேண்டிய இடத்தில் ‘பாரம்பரியப் பாடல்’. போன வருஷம் எங்க வயலில் பதிந்த பாட்டுக்கும் இதே கதிதான்.

தாளம் தப்புகிறது என்கிறீர்களே, ஏன் தப்புகிறது தெரியுமா? நடுகிறவங்க குனிந்தபடியே பின்னால் நகர்கிறாங்க. சேறு ஆழமான இடத்தில் கால் எடுக்க நேரமாகும், பாட்டும் நிதானிக்கும். கையில் நாத்து தீர்ந்தால் அடுத்த முடியை அவிழ்க்கணும். அதுதான் மூச்சு வாங்குகிற இடம். வேலைதான் தாளம். அதை நேராக்கினால் பாட்டிலிருந்து வயலையே பிடுங்கி எறிகிறீர்கள்.

கட்டம் எங்களுக்கும் தெரியும். ஒற்றை நாற்று முறையில் கயிறு பிடித்து 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுகிறோம். களையெடுக்கும் கருவி ரெண்டு பக்கமும் உருளணும், அதனால. உங்க கட்டத்தில் எது உருளப்போகுது? ரெடிமேட் டிரம் லூப் மட்டும்தானே!

சுருதி சமாச்சாரம் இன்னும் மோசம். 1997-ல் வந்த ஆட்டோ-டியூனைச் செய்த ஆண்டி ஹில்டெபிராண்ட், அதற்கு முன் பூமிக்குள் ஒலி அனுப்பி எதிரொலியை வைத்து எண்ணெய் தேடுகிற துறையில் இருந்தவர். டெல்டாக்காரனுக்கு இதைக் கேட்டாலே சுருக்கென்கும். அந்தக் கருவி குரலைப் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்து நிறுத்தும். ஒப்பாரியில் அழுகையே ரெண்டு சுரத்துக்கு நடுவில் வழுக்குகிற இடத்தில்தானே இருக்கு?

‘நாட்டுப்புறப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை’ என்பீர்கள். சரி, பாட்டு பொதுவாகவே இருக்கட்டும். பாடின குரல் பொது இல்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தம் நிகழ்த்துபவருக்கும் உரிமை கொடுத்தது. அந்தப் பட்டியலில் பாடகர் உண்டு, பாம்பாட்டிகூட உண்டு. 2012 திருத்தப்படி, வியாபாரத்துக்குப் பயன்பட்டால் ராயல்டியில் பங்கும் உண்டு. படித்தவங்க நீங்க, இதைப் படிக்கலையா?

சாஃப்ட்வேர்மேல் பழி போடாதீங்க. ரீப்பர் மாதிரி மென்பொருளில் பாடுகிறவர் வேகத்துக்கு ஏற்றபடி கட்டத்தையே வளைக்கலாம். அவங்களை உங்க கட்டத்துக்கு இழுக்காமல், கட்டத்தை அவங்க பக்கம் நகர்த்துங்க. கை வைக்காத மூலப்பதிவு ஒன்றைத் தனியாக வையுங்க. அதில் ஒரு பிரதியைப் பாடினவங்க வீட்டுப் பிள்ளை போனுக்கு அனுப்புங்க. காசு வந்தால் பங்கு கொடுங்க.

நடவு மெஷின் வந்த வயலில் பாட்டே இல்லை. மிச்சமிருக்கிற வயல்களுக்கு வாங்க, தாராளமாகப் பதிவு பண்ணுங்க. மைக்கோடு ஒரு நோட்டும் கொண்டு வாங்க. முதல் பக்கத்தில் அவங்க பேரை எழுதிக்கிட்டு அப்புறம் பட்டனை அமுக்குங்க.