டைம் டேபிளில் கொஞ்சம் இடம் விடுங்கள்

கல்லூரி திறந்துவிட்டால் நம் வீடுகளில் தவறாமல் கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "நேரத்தை வீணாக்காதே, டைம் டேபிள் போட்டுப் படி!" சொல்வதில் தப்பில்லை. ஆனால் டைம் டேபிளை எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, வேலைக்காலம் முழுவதையும் ரயில்வேயில் தண்டவாளத்தோடு கழித்தவன் என்ற முறையில் இதைப் பற்றி நம் வாசக அன்பர்களுடன் பேச விரும்புகிறேன்.

பாலக்காட்டிலிருந்து கோவைக்கு ரயிலில் போய் வருகிறவர்கள், கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவே இரவில் வண்டி மெதுவாகப் போவதைக் கவனித்திருப்பீர்கள். யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் காட்டுப் பகுதி அது. வேகக் கட்டுப்பாடு உண்டு. அதற்காக டிரைவரைச் சோம்பேறி என்று யாரும் திட்டுவதில்லை. நிரந்தரமாக மெதுவாகப் போக வேண்டிய இடங்களுக்கு உரிய நிமிடங்களைச் சேர்த்துத்தான் அட்டவணையே தயாராகிறது. அது போக, பாதை வேலைகளால் வரும் தாமதத்துக்கென்று 'என்ஜினியரிங் அலவன்ஸ்' என்று தனியாகச் சில நிமிடங்கள் வைப்பார்கள். கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் பத்து நிமிட ஓட்டத்துக்கு இருபது நிமிடம் போட்டிருப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோமே, வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்வது அந்த நிமிடங்களால்தான்.

நம் பிள்ளைகளின் பாதையிலும் இப்படிப்பட்ட வேகக் கட்டுப்பாடுகள் உண்டு. அட்டவணை போடும் பெற்றோர்கள் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதே என் குறை.

முதலாவது மொழி. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை கல்லூரியில் கால் வைக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது; தமிழையே பாடமாக எடுத்தவர்களுக்குச் சிரமம் குறைவு. பி.காமோ இயற்பியலோ எடுத்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். புத்தகம் ஆங்கிலம். ஆசிரியர் விளக்குவது பாதி ஆங்கிலம், பாதி மலையாளம். தோழியின் நோட்டை வாங்கிப் பார்த்தால் ஓரத்துக் குறிப்பெல்லாம் மலையாளம். எல்லாவற்றையும் மனத்துக்குள் தமிழாக்கி, பரீட்சையில் மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு மணியில் படிப்பதற்கு இந்தப் பிள்ளைக்கு ஒன்றரை மணி ஆனால் அதில் அறிவுக் குறைவு எங்கே வந்தது? முதல் இரண்டு செமஸ்டரில்தான் இந்தச் சிரமம் அதிகம். சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் "பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்" என்று நாமும் ஆரம்பிக்கிறோம்.

அடுத்தது தூரம். குமுளியிலிருந்து மலை இறங்கி, கம்பம் வழியாக உத்தமபாளையம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கும், வேலந்தாவளத்திலிருந்து கோவைக்கு பஸ் ஏறுகிற பிள்ளைக்கும் நாளில் இரண்டு மூன்று மணி நேரம் சாலையிலேயே போய்விடுகிறது. மழைக்காலத்தில் இடுக்கிப் பாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையின்போது மண்சரிவில் மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டிடங்களே சேதமடைந்து வகுப்புகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

ஒரு கணக்குப் போடுவோம். தூக்கம் 7 மணி, கல்லூரி 6, பயணம் 3, குளியல், சாப்பாடு, வீட்டு வேலை எல்லாம் 3. ஆக 19. மிச்சம் 5 மணி நேரம். பெண் பிள்ளையென்றால் அடுப்படி வேலையில் இன்னும் ஒரு மணி குறையும். (ஆண் பிள்ளைக்கு மட்டும் அது ஏன் குறைவதில்லை என்பதைத் தாய்மார்கள் யோசிக்கலாம்.) இந்த ஐந்து மணியையும் நிரப்பி அட்டவணை போட்டால் ஒரு நாள் பஸ் தாமதமானாலும் போதும், அடுத்த நாளுக்கும் பாக்கி ஏறும். வாரக் கடைசியில் பிள்ளை அட்டவணையையே கிழித்துப் போடும். ஐந்தில் மூன்றரை மணிக்கு மட்டும் பாடம் எழுதுங்கள். மீதி அலவன்ஸ்.

"நாங்கள் தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வரவில்லையா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். நமக்கு வருடக் கடைசியில் ஒரு பரீட்சை. அதுவரை ஊர் சுற்றினாலும் கேட்பாரில்லை. கேரளத்துப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலை 1 முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பு முறை வந்திருக்கிறது. பொதுவாக 100க்கு 30 மதிப்பெண் உள்மதிப்பீட்டுக்குப் போகிறது. டெஸ்ட், அசைன்மென்ட், செமினார் என்று செமஸ்டர் முழுவதும் ஏதாவது ஒன்று தலைக்கு மேல் தொங்கிக் கொண்டே இருக்கிறது. செல்போனைக் குறை சொல்கிறோம், நியாயம்தான். ஆனால் அசைன்மென்ட் விவரமும் அதில்தானே வருகிறது!

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டவாளத்தைப் பழுது பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் வண்டி விடாமல் நிறுத்தி வைப்பதற்கு 'பிளாக்' என்று பெயர். வண்டி விடுகிற டிராபிக் பிரிவுக்கும் பாதையைப் பார்க்கிற எங்களுக்கும் எப்போதும் சண்டை இதில்தான். பிளாக் தராமல் இழுத்தடித்தால் என்றாவது ஒரு நாள் தண்டவாளம் விரிசல் விட்டு, மொத்தப் போக்குவரத்தும் நின்றுவிடும். பரீட்சைக்கு முந்திய வாரம் பிள்ளையை இரவு இரண்டு மணி வரை காபி கொடுத்து உட்கார வைக்கும் வீடுகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று படித்தது மனத்தில் தங்குவதற்கே தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது.

விரிசல் தெரிய ஆரம்பித்தால் மறைக்கக் கூடாது. பிள்ளை வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேச்சு குறைந்துவிட்டது, கல்லூரி என்றாலே வயிற்றுவலி என்கிறது என்றால் "நடிக்கிறாள்" என்று ஒதுக்காதீர்கள். மத்திய அரசின் டெலிமானஸ் என்ற இலவச ஆலோசனைத் தொலைபேசி 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், தமிழ் பேசும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

நம் சங்கத்துக்கும் இரண்டு கோரிக்கைகள். பட்டப் படிப்பு முடித்த நம் அண்ணன்மார், அக்காமார் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சங்க அறையில் உட்கார்ந்து, அவரவர் பாடத்தின் ஆங்கிலக் கலைச்சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லலாம். காசு செலவில்லை. இரண்டாவது, ஆண்டு விழா. ஒத்திகை என்று மூன்று வாரம் மாலை நேரத்தில் பிள்ளைகளைப் பிடித்து வைக்கிறோம். போன முறை அது செமஸ்டர் பரீட்சையோடு மோதியது. அடுத்த செயற்குழுவில் விழாத் தேதி குறிக்கும்போது மண்டபம் எப்போது காலி என்று கேட்பதற்கு முன், பல்கலைக்கழகப் பரீட்சைத் தேதிகளை மேஜை மேல் வைத்துவிட்டுப் பேசுவோம்.