வாங்க வெயில் சார்!

மாசி முடிஞ்சு பங்குனி பொறந்தாலே எல்லாரும் ஒரே பாட்டைப் பாட ஆரம்பிச்சுடறோம். "ஸ்ஸ்... என்னா வெயிலு! போன வருஷம் இப்படியா இருந்துச்சு?" போன வருஷமும் இதையேதான் சொன்னோம் :-)

அப்புறம் மூணு மாசத்துக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி ஏசி. அடியேன் கட்சி வேற. விருந்தாளி வர்றது உறுதின்னு ஆனப்புறம் உள்ள உட்கார்ந்து முனகறதை விட, பாயை விரிச்சு "வாங்க"ன்னு சொல்லிடறது மேல்.

எங்க ஊர் தேவதானம், ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல சேத்தூருக்கு அடுத்து. மேற்கே மலை நின்னு மழையை மறிச்சுக்கற பக்கம், அதனால வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனா இந்தப் பக்கத்துச் சனங்க கோடையைத் திருவிழாவோடதான் ஆரம்பிப்பாங்க. பங்குனி உத்திரத்தன்னிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளுக்குத் திருக்கல்யாணம். அதே நாள் தென்மாவட்டம் பூரா குடும்பம் குடும்பமா அவங்கவங்க சாஸ்தா கோவிலுக்குக் கிளம்பிடுவாங்க. எங்க ஊருக்கு மேலேயும் மலைக்குள்ள ஆத்தோட ஒரு சாஸ்தா கோவில் உண்டு. குளத்தங்கரை, ஆத்தங்கரை, காட்டோரம்னு பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கிற சாமி அவரு. வெயில் ஏறுற நேரத்துல நிழலையும் தண்ணியையும் தேடிப் போறதை சாமி பேரால வழக்கமாக்கி வச்சுட்டாங்கன்னு எனக்குத் தோணும்.

சரி, திருவிழா ஒரு நாள். மத்த நாளுக்கு? பெரிய செலவில்லாத மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, மண்பானை. ஈர மணல் மேல, காத்து வர்ற இடத்துல வைங்க. சுத்தி ஒரு ஈரத்துணி. பானையோட நுண்ணிய துளைகள் வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகறப்போ உள்ள இருக்கிற சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகும். காத்து வறண்டு இருந்தா நல்லாவே குளிரும். கடலோர ஊர்ல புழுக்கம் ஜாஸ்தி, அதனால அங்க கொஞ்சம் குறைச்சலாத்தான் குளிரும். சென்னைவாசிகள் பானையைத் திட்டாதீங்க. உள்ள ரெண்டு வெட்டிவேர் போட்டா வாசனைக்கு வாசனை.

ரெண்டு, வேப்பம்பூ. ராத்திரி மரத்தடியில பழைய வேட்டியை விரிச்சு வச்சா விடிய விடியப் பூ கொட்டிக் கிடக்கும். அள்ளிக் காயவச்சு டப்பாவுல போட்டா அடுத்த வருஷம் வரைக்கும் ரசத்துக்கு ஆச்சு. ஏப்ரல் 14-ம் தேதி வாக்குல வர்ற சித்திரை ஒண்ணுக்கு மாங்காய், வெல்லத்தோட பச்சடிக்கும் ஆச்சு.

மூணு, நுங்கும் பதனியும். காலையில பனை ஓலைப் பட்டையைக் கையில ஏந்தி, பதனிக்குள்ள நுங்கை நழுவ விட்டுக் குடிச்சவங்களுக்கு விளக்கம் தேவையில்ல. குடிக்காதவங்களுக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது.

கூடவே ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம். அது வர்ற வரைக்கும் காத்திருக்கறதே ஒரு சுகம்.

இதுல ஒரு பொதுவான சங்கதி இருக்கு பாருங்க. எதுவுமே வருஷம் பூராக் கிடைக்காது. ஃப்ரிட்ஜுல இருக்கிற கலர் பாட்டில் தை மாசமும் கிடைக்கும், ஐப்பசியிலயும் கிடைக்கும். அதுக்காக யாராவது நாளை எண்ணிக் காத்திருக்கோமா? அன்றாட வாழ்க்கை சப்புன்னு போறதுக்குக் காரணமே எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கறதுதான்னு நான் நினைக்கிறேன். வந்துட்டுப் போற ருசிகள்தான் ஒரு மாசத்தை இன்னொரு மாசத்துல இருந்து பிரிச்சுக் காட்டுது.

"வெயில்ல நின்னு கொத்து வேலை பார்க்கறவன் கிட்ட போய் இதைச் சொல்லு"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. நிழல்ல உட்கார்ந்துக்கிட்டு வெயிலை ரசிக்கறது சுலபம். அதனாலதான் என் வரவேற்புல இன்னொரு பானைக்கும் இடம் வேணும். அது வாசலுக்கு வெளியே, ஒரு டம்ளரோட. சிலிண்டர் தூக்கிட்டு வர்றவரும், பார்சல் கொண்டு வர்ற தம்பியும் கேட்காமலே எடுத்துக் குடிக்கற மாதிரி. தண்ணிப் பந்தல் போட கட்சிக்காரங்கதான் வரணும்னு சட்டமா இருக்கு?

இன்னொண்ணு. மேல சொன்ன எதுக்கும் பெரிய பணம் வேண்டாம், ஆனா மரம் வேணும். மரம் ஏற ஆளும் வேணும். பனை பலன் தர பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும், சில சமயம் அதுக்கும் மேல. வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்ப ஒரு மணி நேரம் போதும். 2021-ல தமிழ்நாட்டோட முதல் வேளாண் பட்ஜெட்டுல, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம். ஆனா நிக்கற மரத்துல ஏற ஆள் இல்லேன்னா நுங்கு தானா இறங்கி வருமா? பதனி சீசன்ல தினமும் காலையிலயும் சாயங்காலமும் ஒவ்வொரு மரமா ஏறி இறங்கணும். பாளையைச் சீவணும், புளிக்காம இருக்கக் கலயத்துல சுண்ணாம்பு தடவணும். அந்த உழைப்புக்கு மதிப்பு இல்லாமப் போனா அடுத்த தலைமுறை ஏன் ஏறப் போகுது?

ஆகவே மக்களே, ரோட்டோரம் ஓலை நிழல்ல நுங்கு சீவற அண்ணாச்சியைப் பார்த்தா வண்டியை நிறுத்துங்க. "இன்னும் ரெண்டு சேர்த்துப் போடுங்க"ன்னு பேரம் மட்டும் வேண்டாம். பெரிய மால்ல ஜூஸுக்குக் கேட்ட காசைக் கொடுத்துட்டு வர்ற ஆளுங்கதானே நாம?

அக்னி நட்சத்திரம் தொடங்க மே 4 வாக்குல ஆகும். அதுக்குள்ள ரெண்டு பானை வாங்கிடுங்க. ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே.