காதுக்குள் ஒரு கார்காலம்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

வெளியே பங்குனி வெயில். உள்ளே குளிரூட்டிய மொழி ஆய்வகம். ஒரு மணி நேர ஆங்கிலப் பயிற்சி முடிந்து, காதை முழுதும் மூடும் அந்தக் கறுப்பு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கிண்ணத்தின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. அடுத்த வகுப்புக்கு வந்த மாணவி அதை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தபடி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். வியர்வையை இழிவாக எண்ணாத வீடுதான். ஆனாலும் அன்று நான் கூனிக் குறுகிப் போனதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் முதல் ஹெட்போனைக் காதில் ஒட்டியும் ஒட்டாமலும் வைத்துக்கொண்டேன். பாதிச் சொற்கள் விழவே இல்லை. தேர்வில் மதிப்பெண் எப்படி வந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

வெட்கம் தணிந்த பிறகுதான் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. (இயற்பியல் மாணவிக்கு இது அழகல்ல, போகட்டும்.) வியர்க்காதபோதும் நம் தோல் கண்ணுக்குத் தெரியாமல் ஈரத்தை விட்டுக்கொண்டேயிருக்கிறது. வெளியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். ரெக்சின் மெத்தை காதைச் சுற்றி அடைத்துக்கொண்டால் எங்கே போகும்? 35 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 40 கிராம் நீராவியைத் தாங்கும். 24 பாகையில் 22 கிராமைத்தான் தாங்கும். காதருகே காற்று சூடு, கிண்ணத்தின் சுவரோ குளிர்ச்சி. மிஞ்சிய ஆவி சுவரில் நீராகிறது. கிண்ணத்துக் காற்றிலிருந்து மட்டும் இறங்குவது இரண்டு மில்லிகிராம்கூடத் தேறாது. தோல் ஓயாமல் தந்துகொண்டிருப்பதால்தான் துளி பெரிதாகிறது.

விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2020 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்தது. அதன் அலுமினியக் கிண்ணத்துள்ளும் நீர்த்துளி நின்றதை வாங்கியவர்கள் படமெடுத்துக் காட்டினார்கள். அவர்கள் மூட்டை தூக்குபவர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருக்க மாட்டார்கள்!

பின்புறம் திறந்த வகையை வாங்கலாமே எனலாம். அதில் ஒலி வெளியே கசியும்; ஒரே அறையில் முப்பது பேர் பயில முடியாது. ஓசையைத் தடுக்கும் அதே அடைப்புதான் ஈரத்தையும் தடுக்கிறது. ஆகவே கருவியை நான் குறை சொல்லவில்லை. அதை நாம் நடத்தும் விதத்தைத்தான் சொல்கிறேன். ‘தூய்மையாக வாருங்கள்’ என்று சுவரில் அட்டை தொங்குகிறது. துடைக்க ஒரு துணி தொங்கவில்லை. ஒரு வகுப்பின் ஈரம் உலருமுன் அடுத்த வகுப்பின் காதில் ஏறுகிறது. நாளடைவில் ரெக்சின் உரிந்து கறுப்புப் பொடியாகக் கழுத்தில் உதிர்கிறது. ஈரக் காதில் பூஞ்சை பிடிப்பதும் நம் ஊர்களில் புதிதல்ல.

அம்மாவிடம் சொன்னேன். “சூட்டோட மூடினா இட்லி டப்பாவே வேர்க்குது, காது வேர்க்காதா? கொஞ்ச நேரம் தொறந்து வைக்க வேண்டியதுதானே” என்றாள். அதைத்தான் நானும் கேட்கிறேன். இருபதாவது நிமிடத்தில் எல்லோரும் இரண்டு நிமிடம் கழற்றி வைப்போம். வகுப்பு முடிந்ததும் துடைத்து, மெத்தை மேல்நோக்கி இருக்கும்படி வைப்போம். ஆளுக்கொரு பருத்தி உறை இருந்தால் ஒருவர் ஈரம் இன்னொருவருக்குப் போகாது.

அரை மீட்டர் பனியன் துணி வாங்கி அம்மா ஆறு சோடி உறை தைத்துத் தந்திருக்கிறாள். ஒரு சோடியை நான் பயன்படுத்துகிறேன். மற்றவை என் பையில் இருக்கின்றன. முதலில் அந்த மாணவிக்குத்தான் கொடுக்க வேண்டும். பேச்சை எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.