தரைதட்டிய அன்றே எண்ணெயை இறக்கத் தொடங்குங்கள்

மொரீஷியஸ் பிரதமர் அவர்களுக்கு,

உங்கள் நாட்டு ரூபாய்த் தாளில் தமிழும் அச்சாகிறது. அந்த உறவை நம்பிச் சென்னையிலிருந்து எழுதுகிறேன். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது, கரையொதுங்கிய எண்ணெயை எங்கள் ஊர் மக்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். அதனால் உங்கள் கரையில் நடந்தது எங்களுக்கு அந்நியமல்ல.

2020 ஜூலை 25 அன்று ‘வகாஷியோ’ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் தரைதட்டியது. சரக்கு ஏதுமில்லை, ஆனால் அதன் எரிபொருள் தொட்டிகளில் சுமார் 4,000 டன் எண்ணெய் இருந்தது. அது கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6இல். இடையில் பன்னிரண்டு நாள்!

கடல் கொந்தளித்ததால் எண்ணெயை எடுக்க இயலவில்லை என்றது அன்றைய அரசு. அந்தப் பருவத்தில் தென்கிழக்குக் காற்று எவ்வளவு மூர்க்கமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கசிந்த பிறகு, எஞ்சியதில் பெரும்பகுதியை ஒரு வாரத்துக்குள் உறிஞ்சி எடுத்துவிட்டார்களே! ஆகஸ்ட் 15இல் கப்பல் இரண்டாகப் பிளந்தபோது தொட்டிகளில் மிச்சம் கொஞ்சம்தான். அதற்குள் ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்து, அலையாத்தி வேர்கள்வரை படிந்துவிட்டது. அலை அடங்கும் சில மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால், பம்பும் குழாயும் எண்ணெய் வாங்கும் கப்பலும் முதல் நாளே அருகில் காத்து நிற்க வேண்டும்.

உங்கள் மக்கள் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து, காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேர்த்துக் கட்டி, கிலோமீட்டர் கணக்கில் மிதவைத் தடுப்புகள் செய்தார்கள். தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். அவர்களைத்தான் அரசு விலகிப் போகச் சொன்னது. எண்ணெய் ஆவி உடம்புக்குக் கேடு; அந்தக் கவலை நியாயமானதே. அதற்குக் கையுறையும் முகக்கவசமும் பூட்ஸும் கொடுத்திருக்க வேண்டும். எந்த நீரோட்டம் எண்ணெயை எங்கே இழுத்துப் போகும் என்று அறிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பியது பெரும் தவறு.

இன்னொரு கப்பல் நாளை தரைதட்டினால், எண்ணெயை இறக்க உத்தரவிடுபவர் யார்? எத்தனை மணி நேரத்துக்குள்? கப்பல் உரிமையாளரின் பதிலுக்காக அவர் காத்திருக்க வேண்டுமா? இதை எழுத்தில் வெளியிடுங்கள். அடுத்த ஜூன் மாதக் காற்று எழுமுன், புவாந்த் தெஸ்னிக்கு அருகிலுள்ள மாயேபூர் மீனவர்களின் படகுகளோடு அதே கடலில் ஓர் ஒத்திகை நடத்துங்கள்.

மரியாதையுடன்,
சென்னையிலிருந்து ஓர் எழுத்தாளர்