உறைமண் மேல் பழியைப் போட்டுத் தப்பலாமா?

"காலநிலை மாற்றம்தான் காரணம்" என்ற வசனத்தை அடிக்கடி எழுதுகிற ஆட்கள் நாங்கள். அதையே ஒரு சுரங்கக் கம்பனி சொல்லும்போது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கு.

2020 மே 29. ரஷ்யாவின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் இருக்கிற நொரில்ஸ்க் நகரம். அங்குள்ள மின்நிலையமொன்றின் எரிபொருள் தாங்கி உடைந்து 20,000 தொன்னுக்கு மேற்பட்ட டீசல் வெளியே பாய்ந்தது. பெரும்பகுதி ஆறுகளுக்குள் போனது. அம்பார்னயா ஆறு சிவந்து ஓடியது செய்மதிப் படங்களிலேயே தெரிந்தது. மின்நிலையம் நோர்நிக்கல் கம்பனியின் துணை நிறுவனத்துக்குச் சொந்தமானது. கம்பனி தந்த முதல் விளக்கம் இதுதான்: வெப்பத்தால் உறைமண் இளகி, தாங்கிக்குக் கீழே இருந்த தூண்கள் திடீரென்று இறங்கிவிட்டன.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. அந்த மண் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த நியாயம் எவ்வளவு தூரம் போகும் என்று விளங்கும்.

தைகா எனப்படும் ஊசியிலைக் காட்டில் மண் ஏழை. ஊசியிலைகள் விழுந்து, குளிரில் மெல்ல மெல்ல உக்கி, அமிலமாகி, மேல்மண்ணில் இருக்கிற இரும்பையும் அலுமினியத்தையும் கழுவிக் கீழே இறக்கிவிடும். மிஞ்சுவது சாம்பல் நிறப் படை ஒன்று. மரம் நிற்க அது காணும், விவசாயத்துக்குக் காணாது. இன்னும் வடக்கே துந்திராவுக்குப் போனால் மரமும் இல்லை. கோடையில் மேலே உள்ள கொஞ்ச மண் மட்டும் இளகும். சில இடங்களில் முழங்கால் ஆழம், சில இடங்களில் ஒரு மீற்றருக்கு மேல். அதற்குக் கீழே வருசம் முழுக்க உறைந்தே கிடக்கிற மண், பல இடங்களில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு. தண்ணீர் கீழே இறங்க வழியில்லாததால் மேலே சதுப்பு, பாசி, சொல்லி மாளாத நுளம்பு. செத்த செடியும் செத்த விலங்கும் உக்காமல் அப்படியே கிடக்கும். பெரிய ஆழ்குளிரூட்டி ஒன்றை நிலத்துக்கடியில் வைத்த மாதிரி. இன்று வளிமண்டலத்தில் இருக்கிற கார்பனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அதற்குள் இருக்கு. அது இளகத் தொடங்கியிருப்பது உண்மை. அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இது நொரில்ஸ்க் காரருக்குப் புதுச் செய்தியா? சோவியத் காலத்திலேயே அங்கே கட்டடங்களைத் தூண்களில் நிறுத்தி, கீழே காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டுத்தான் கட்டினார்கள். வீட்டுச் சூடு மண்ணுக்குப் போனால் வீடே சரியும் என்று பழைய பொறியியலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. விபத்து நடந்து சில மாதங்களில் ரஷ்யாவின் தொழிற்றுறைப் பாதுகாப்புக் கண்காணிப்பு நிறுவனம், வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பிழை, பராமரிப்புக் கண்காணிப்பும் சரியில்லை என்று சொன்னது. 2021இல் நீதிமன்றம் 146 பில்லியன் ரூபிளுக்கு மேல் கட்டச் சொன்னது. மண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்த்தார்கள், அந்தத் தடவை சரிவரவில்லை.

யமாலில் நடந்தது இதைவிடக் கவலை. நொரில்ஸ்கிற்கு மேற்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கிற தீபகற்பம் அது. (தூரத்து ஊர் என்று நினைக்காதையுங்கோ. மன்னாரில் வைத்து ஜிபிஎஸ் கருவி பூட்டி விட்ட கடற்காகம் யமால் வரைக்கும் பறந்து போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்திருக்கினம்.) நெனெட்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் துருவ மான்களை ஓட்டிக்கொண்டு வடக்கும் தெற்குமாக நடக்கிற நிலம் அது. 2016 கோடையில் வெப்பம் 35 பாகை வரை ஏறியது. அந்த யூலையில் மான்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. இரண்டாயிரத்துக்கு மேல். அந்த்ராக்ஸ். பல பேர் மருத்துவமனையில், 12 வயதுப் பொடியன் ஒருவன் இறந்துபோனான்.

அங்கே கடைசியாக அந்த்ராக்ஸ் வந்தது 1941இல். அந்த நோயின் வித்திகள் மண்ணுக்குள் பல தசாப்தம் உயிரோடு கிடக்கும். உறைமண்ணை ஆழமாகத் தோண்ட ஏலாது என்பதால் பழைய பிணங்கள் மேல்மட்டத்திலேயே கிடந்தன. வெப்பம் கொஞ்சம் ஆழமாக இறங்கின வருசம் அவை வெளியே வந்தன. "உறங்கிக் கிடந்த கொலைகாரக் கிருமி எழும்பிவிட்டது" என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. படத்துக்கு நல்ல கதை. ஆனால் மான்களுக்குப் போட்டுவந்த அந்த்ராக்ஸ் தடுப்பூசியை 2007இல் நிறுத்தியிருந்தார்கள், கனகாலமாக நோய் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி. இந்த வரி பல செய்திகளில் கடைசிப் பந்தியில் கிடந்தது. சிலதில் அதுவும் இல்லை.

இப்படிக் கதைத்தால் காலநிலை மாற்றமே பொய் என்கிறவர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்று எங்கட வட்டத்திலேயே சிலர் சொல்லுகினம். நாங்கள் அதை ஏற்கவில்லை. வெப்பம் மட்டுமே கொன்ற மான்களும் யமாலில் உண்டு. 2013 நவம்பரில் பனிக்கு மேல் மழை பெய்து, அது இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. குளம்பால் கிண்டிக் கீழே இருக்கிற இலைக்கனைத் தின்ன மான்களால் முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் 61,000 மான்கள் பட்டினியில் செத்தன. அதற்கு எந்த ஊசியும் இல்லை. அப்படிக் காலங்களில் மந்தைக்காரர் செய்யக்கூடியது வேறு மேய்ச்சலுக்கு நகர்வதுதான். ஆனால் எரிவாயுக் குழாய்களும் தண்டவாளமும் வீதியும் நகரும் வழியை வருசா வருசம் ஒடுக்கிக்கொண்டு வருகின்றன. அதையும் வெப்பம் செய்யவில்லை.

எது காலநிலை செய்தது, எது கணக்குப் பார்த்து ஊசியை நிறுத்தின கை செய்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறோம். மண் இளகும் என்று தெரிந்த பிறகு பொறுப்புக் கூடுமே தவிரக் குறையாது. "இயற்கை அனர்த்தம்" என்ற சொல்லை வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் கேட்டுக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை.

நோய் அடங்கின கையோடு, மான்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிட்டன, குறைக்க வேண்டும் என்று அதிகாரிகள் கதைக்கத் தொடங்கினார்கள். எரிவாயு எடுப்பதைக் குறைப்பது பற்றி அதே வேகத்தில் யாரும் கதைக்கவில்லை. தடுப்பூசி மட்டும் அந்த வருசமே திரும்பத் தொடங்கியது. மருந்து இருந்தது, போடத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். மான் மந்தைகளுக்கு அது வந்து சேர்ந்தபோது அந்தப் பொடியன் இல்லை.