வண்டிக்கும் வழி செய்க!

மயிலாப்பூரில் ஒருவர் மார்வலியால் துடிக்கிறார். 108ஐ அழைத்தால் போதும். கட்டணமில்லை, மருத்துவர் சான்று கேட்பாருமில்லை. 2008 செப்டம்பரில் கலைஞர் ஆட்சி தந்த நற்றிட்டம் அது!

ஆனால் சிறுநீரகம் பழுதாகி, இரத்தச் சுத்திகரிப்புக்கென வாரம் மூன்று முறை இராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குச் செல்லும் அடையாற்று ஏழை என்ன செய்வார்? 108 அவசரத்துக்கு, அன்றாடப் பயணத்துக்கு அன்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆட்டோ கூலி? அவர் மடியிலிருந்துதான்!

அமெரிக்க அரசின் மெடிக்கேர் காப்பீடு, இத்தகைய தொடர் பயணத்துக்கு ஆம்புலன்சு தருகிறது. வேறு வண்டியில் செல்ல இயலாதவர் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அச்சான்று 60 நாள் வரை செல்லும்.

சான்றே கூடாதென்று நாம் சொல்லவில்லை; பொதுப்பணம் வீணாகாதிருக்க அது வேண்டும். ஆனால், கையொப்பத்துக்காக நோயாளியை நாள்தோறும் அலையவிடுவது நீதியாகுமா? வண்டியையும் காப்பீட்டில் சேர்த்திடுக! ஒருமுறை இட்ட ஒப்பம் இரு திங்களுக்குச் செல்லட்டும்!